போன மாதம் அட்மிட் செய்தார்கள், இந்த முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்: மனநல மருத்துவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

ஜன்னலோரம் | சனி, இரவு 10:42

தம்பிக்கு 24 வயது. ஐந்து மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான். போன மாதம் ஒரு நாள் "எதுக்கு இருக்கணும்னே தெரியலக்கா" என்றான். எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனேன். டியூட்டி டாக்டர் அரை மணி நேரம் பேசினார், உடனே அட்மிட். பதினோரு நாள் வார்டில் இருந்தான்.

நேற்று ராத்திரி அதைவிட மோசம். போன தடவை சும்மா எண்ணம்தான். இந்த முறை எப்படி என்றுகூட யோசித்துவிட்டதாக அவனே சொன்னான். அதே ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். ஒன்றரை மணி நேரம் அவனோடு பேசினார், அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அப்புறம் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசினார். வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் அவன் கையாலேயே ஒரு தாளில் எதையோ எழுத வைத்து, "நாளைக்கு நாங்க போன் பண்றோம், திங்கட்கிழமை காலைல வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"ரிஸ்க் எவ்வளவு டாக்டர், ஹையா மீடியமா?" என்று கேட்டேன். "அந்த வார்த்தை உங்களுக்கு உதவாதும்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தை இன்னும் விழுங்க முடியவில்லை. குறைவாகச் சொன்னபோது படுக்க வைத்தார்கள், அதிகமாகச் சொன்னபோது அனுப்பிவிட்டார்கள். இதில் என்ன கணக்கு இருக்கிறது?

இன்று சொன்னபடி போன் வந்தது, ஐந்து நிமிஷம் பேசினான். இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறான், தூங்குகிறானா தெரியவில்லை. இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

நெறியாளர் | சனி, இரவு 10:55

இந்த இழையை ஓரமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். முறை, அளவு, பொருள் எதையும் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். ஜன்னலோரம், ராத்திரி நிலைமை மாறினால் இங்கே பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வாசிக்கிற வேறு யாருக்கும் அதே எண்ணம் இருந்தால் அவர்களுக்கும் இதேதான், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

---

எண்கணக்கன் | சனி, இரவு 11:10

வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. மாரடைப்புக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள், ஐசியூவில் போடுகிறார்கள். மனநலத்தில் மட்டும் ஏன் "டாக்டருக்குத் தோன்றியது" என்று ஓட்டுகிறார்கள்? பால் மீல் என்ற உளவியலாளர் 1954-லேயே புத்தகம் போட்டுச் சொன்னார், நிபுணரின் உள்ளுணர்வைவிடச் சாதாரணக் கணக்கு மோசமில்லை, பல சமயம் மேல் என்று. எழுபது வருஷமாகியும் ஒரு ஒழுங்கான மதிப்பெண் முறை இல்லையா?

---

இரவுப்பணி | ஞாயிறு, அதிகாலை 1:20

ஜன்னலோரம், 15 வருஷமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த முடிவு சரியா தப்பா என்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் தலைக்குள் என்ன ஓடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மதிப்பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முயன்று பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் அலெக்ஸ் போகோர்னி என்பவர் 4,800 மனநல உள்நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அன்று தெரிந்த எல்லா அளவுகோலையும் போட்டு, 803 பேரை 'ஆபத்து அதிகம்' என்று பிரித்தார். நான்கு முதல் ஆறு வருஷம் பின்தொடர்ந்தார். 1983-ல் முடிவு வந்தது. தற்கொலையால் இறந்தவர்கள் 67 பேர். அதில் அந்த 803-க்குள் இருந்தவர்கள் 30 பேர். மீதி 37 பேர் 'ஆபத்து அதிகமில்லை' பக்கத்திலிருந்து போனவர்கள்.

2017-ல் ஜோசப் ஃபிராங்க்ளின் குழு ஐம்பது வருஷ ஆய்வுகளில் 365-ஐச் சேர்த்துப் பார்த்தது. நாங்கள் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆபத்துக் காரணிகள் ஒவ்வொன்றும், தனித்தனியாக எடுத்தால், காசைச் சுண்டிப்போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். 2022-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் நேராகவே எழுதிவிட்டது: யார் இறப்பார் என்று ஊகிக்க மதிப்பெண் தாள்களைப் பயன்படுத்தாதே, ஆளை ஹை, மீடியம், லோ என்று பிரித்து அதை வைத்துச் சிகிச்சை கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்காதே. உங்களுக்கு அந்த டாக்டர் சொன்ன பதில் எனக்கு மழுப்பலாகத் தெரியவில்லை. சொன்ன விதம் வேறாக இருந்திருக்கலாம்.

சரி, ஊகிக்க முடியாது. அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். 2016-ல் பிசானி என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு என் கேஸ் ஷீட் எழுதும் விதமே மாறிவிட்டது. 'ரிஸ்க் ஹை' என்று எழுதுவதை விட்டுவிட்டு எதோடு ஒப்பிட்டால் அதிகம் என்று எழுதுகிறேன். என் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார் என்பது ஒன்று. இவரையே போன மாதத்து இவரோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார் என்பது இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. வருஷக்கணக்கில் எண்ணம் வந்துபோய்க்கொண்டிருக்கும் ஒருவர் இன்றும் அதையே சொன்னால் அது அவருடைய வழக்கமான நாள். ஒருபோதும் அப்படிப் பேசாதவர் முதல்முறையாக அதில் பாதியைச் சொன்னால் எனக்கு வயிறு கலங்கும்.

அப்புறம், இன்று ராத்திரி இவர் கையில் என்ன இருக்கிறது. யார் கூட இருப்பார், அவர் விழித்திருப்பாரா, மாத்திரை யாரிடம் இருக்கிறது, இவருக்கு அவரிடம் வாய்திறக்க முடியுமா. கடைசியாக, அடுத்த சில நாளில் என்ன மாறப்போகிறது. பரீட்சை முடிவு, கோர்ட் தேதி, கூட இருப்பவர் ஊருக்குப் போவது. நாங்கள் போடுகிற திட்டம் இன்றைய நிலைமைக்கு. வியாழக்கிழமை நிலைமை மாறினால் திட்டம் காகிதம்தான்.

பேச்சில் கேட்கிற கேள்விகள் உங்களுக்குக் கொடூரமாகத் தெரிந்திருக்கும். எண்ணம் மட்டுமா, திட்டமா, ஏற்பாடு ஏதாவது செய்தாயா, முன்பு முயன்றதுண்டா, எது உன்னைத் தடுத்தது. நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, பலருக்குக் கேட்டதே ஆறுதல். என் சொந்தப் பழக்கம், தூக்கத்தை முதலில் கேட்பேன். நான்கு நாள் தூங்காமல், உட்கார முடியாமல், கையைப் பிசைந்துகொண்டிருப்பவர் "இப்ப ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொன்னாலும் நான் அனுப்புவதில்லை. குடி இருந்தால், செத்துப்போ என்று காதில் குரல் கேட்டால், அதற்கு மேல் பேச்சே இல்லை, படுக்கைதான்.

அவர் வெளியே போய்ச் செய்த போன் பெரும்பாலும் சீனியருக்கோ முன்பு பார்த்த டாக்டருக்கோ இருக்கும். இந்த முடிவைத் தனியாக எடுக்கக் கூடாது என்பது எங்களுக்கு எழுதாத சட்டம்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். போன மாதம் அவன் எப்படித் தூங்கினான்? அன்று யார் முதலில் பேச்செடுத்தது? நேற்று யார் எடுத்தது?

---

பெயர்வேண்டாம் | ஞாயிறு, காலை 6:05

மேலே டாக்டர் அழகாக எழுதியிருக்கிறார். என் மனைவியின் கேஸ் ஷீட்டிலும் அழகாகத்தான் எழுதியிருந்தது. 'ரிஸ்க் லோ.' வார்டிலிருந்து வந்த ஒன்பதாம் நாள் அவள் இல்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்துப் போட்டிருந்தார்கள்.

ஊகிக்க முடியாது, ஊகிக்க முடியாது என்று நீங்கள் எல்லோரும் சொல்வது உங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்மிட் செய்யுங்கள். முடிந்தது.

---

இரவுப்பணி | ஞாயிறு, காலை 7:40

பெயர்வேண்டாம், உங்களுக்குச் சொல்லத்தக்கதாக என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் உள்ள ஒரு வரி இந்த இழைக்கு முக்கியம்: மூன்று வாரம் கழித்து.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். இது பல நாடுகளில், பல காலகட்டங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வார்டில் எல்லாம் தயாராக இருக்கும், வெளியே வந்தால் விட்டுப்போன வாழ்க்கை அப்படியே காத்திருக்கும். அட்மிட் செய்வது பல சமயம் ஆபத்தை டிஸ்சார்ஜ் தேதிக்குத் தள்ளிவைக்கிறது. அந்தத் தேதிக்கு அப்புறம் முதல் வாரத்துக்குள் யாராவது பார்க்கவோ போன் செய்யவோ வேண்டும். மூன்று வாரம் என்பதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அந்த 'லோ' என்ற வார்த்தைதான் அந்த மூன்று வாரத்தை எழுத வைத்திருக்கும் என்பது என் சந்தேகம். அந்த வார்த்தை மேல் எனக்கு வெறுப்பு வந்ததற்கும் இதுதான் காரணம்.

எங்களைக் காப்பாற்றிக்கொள்வது பற்றி. உண்மை, அது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் எதிர்ப் பக்கம் வேலை செய்கிறது. பயந்த டாக்டர் அட்மிட் செய்வார், யாரும் கேள்வி கேட்க முடியாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: பெட் இல்லாத ராத்திரியில் 'வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது கொஞ்சம் சுலபமாக வாயில் வரும். அதை யாரும் கேஸ் ஷீட்டில் எழுதுவதில்லை.

---

எண்கணக்கன் | ஞாயிறு, காலை 9:15

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10,000 பேர் வருகிறார்கள், அதில் 10 பேர் இறக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருமையான ஒரு பரிசோதனை இருக்கிறது, 10-ல் 8 பேரைப் பிடிக்கும், மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரை மட்டும் தப்பாகப் பிடிக்கும். அப்படியென்றால் சிவப்பு விளக்கு எரிவது 8 பேருக்கும், கூடவே 999 பேருக்கும். 1,007 பேரைப் படுக்க வைக்க வேண்டும், இரண்டு பேர் பச்சை விளக்கில் வெளியே போய்விடுவார்கள். நிகழ்வு அரிதாக இருந்தால் எந்தக் கணக்கும் இப்படித்தான் தடுக்கும்.

ஆனால் ஒரு கேள்வி. அந்த 1,007 பேருக்கும் ஏதாவது ஒன்று செய்யலாமே? படுக்கை வேண்டாம், அதைவிடச் சின்னதாக, கெடுதல் இல்லாததாக?

---

உரையாடல் | ஞாயிறு, காலை 10:30

செய்யலாம், செய்கிறோம். நான் மருத்துவ உளவியலாளர். தம்பி கையால் எழுதிய அந்தத் தாள் அதுதான். பாதுகாப்புத் திட்டம் என்போம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் வடிவமைத்தது. எண்ணம் கிளம்பும்போது முதலில் தெரிகிற அறிகுறி எது, அப்போது தனியாகவே செய்யக்கூடியது எது, யாரோடு அல்லது எங்கே போய் இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம், எந்த மருத்துவர், எந்த எண், கடைசியாக வீட்டில் எதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். 2018-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், எமர்ஜென்சிக்கு வந்தவர்களுக்கு இந்தத் தாளும் அப்புறம் தொடர் போன் அழைப்புகளும் கொடுத்த இடங்களில், அடுத்த ஆறு மாதத் தற்கொலை நடத்தை வழக்கமான சிகிச்சை கொடுத்த இடங்களைவிட 45 சதவீதம் குறைவு. மொத்தம் 1,640 பேர். குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை, அந்தக் குறை உண்டு.

"செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போடு" என்பது வேறு. முன்பெல்லாம் அப்படி வாங்கிவைப்பார்கள். அதனால் யாரும் காப்பாற்றப்பட்டதற்கு ஆதாரமில்லை. கையெழுத்து டாக்டருக்குத்தான் தைரியம் கொடுக்கும்.

எனக்குப் பிடித்த ஆய்வு இன்னும் எளியது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், டிஸ்சார்ஜ் ஆன பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன 843 பேரைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஐந்து வருஷம், வருஷத்துக்கு நாலு தடவையாவது கடிதம் போகும். இரண்டே வரி, நலமா, எழுத விரும்பினால் எழுதுங்கள், அவ்வளவுதான். வா என்று கூப்பிடுவதில்லை, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. 2001-ல் வெளியான முடிவில் கடிதம் போன பக்கத்தில் தற்கொலை குறைவு, முதல் இரண்டு வருஷம் தெளிவாகவே குறைவு.

வருஷக்கணக்கில் எண்ணத்தோடு வாழ்கிறவர்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு கொஞ்சம் புரளும். ஒவ்வொரு முறையும் படுக்க வைத்தால், கஷ்டம் வந்தால் வார்டு என்பது ஒன்றே கற்ற வழியாகிவிடும். மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சு சிகிச்சை இவர்களுக்காகவே வந்தது. நெருக்கடி முற்றுவதற்கு முன்பே போன் செய், அந்த நேரத்தை எப்படித் தாண்டுவது என்று போனிலேயே பார்ப்போம் என்பார்கள். தானும் இளம்வயதில் அப்படி வார்டில் கிடந்தவள்தான் என்று லினஹன் 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

---

மூன்றாம்முறை | ஞாயிறு, மதியம் 12:10

கட்டிலில் கிடந்தவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மூன்று முறை எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறேன். முதல் அட்மிஷன் என் உயிரைக் காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை, யாராவது எனக்காக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, என் சம்மதம் இல்லாமல். நான் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் எந்த டாக்டரிடமும் உண்மை சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன்." இந்த ஒன்றரை வருஷம் எந்த மதிப்பெண் தாளிலும் வராது.

மூன்றாவது முறை ஒரு பெண் டாக்டர், தாளை எழுத வைத்தார். முதல் வரியில் 'நண்பனைக் கூப்பிடுவேன்' என்று எழுதினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு இது நடக்குமா?" என்று கேட்டார். யோசித்தேன். நடக்காது. அடித்தேன். இப்படியே நாலு வரி அடித்தேன். கடைசியில் நின்றது: 'அறை விளக்கைப் போடுவேன். எழுந்து முகம் கழுவுவேன். அம்மா அறைக் கதவைத் தட்டுவேன், எதுவும் சொல்லத் தேவையில்லை.' அந்தத் தாள் இன்னும் பர்ஸில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன். விளக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன். கதவை இரண்டு முறை தட்டியிருக்கிறேன்.

ஜன்னலோரம், தம்பியின் தாளில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த டாக்டர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

---

ஜன்னலோரம் | ஞாயிறு, மதியம் 2:35

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தாளை அவனிடம் கேட்டேன், கொடுத்தான். ஐந்து இடத்தில் அடித்திருக்கிறான். கூப்பிட வேண்டியவர்களில் முதலில் என் பெயர் இல்லை, அவனுடைய பழைய கணக்கு வாத்தியார் பெயர் இருக்கிறது. கொஞ்சம் வலித்தது, பரவாயில்லை.

இரவுப்பணி டாக்டர், நீங்கள் கேட்டதற்குப் பதில். போன மாதம் அவன் ஐந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான். மாத்திரையையும் அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். அவனாக எதுவும் சொல்லவில்லை, நான்தான் தோண்டித் தோண்டி அந்த ஒரு வரியை வாங்கினேன். எமர்ஜென்சியில் டாக்டர் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளி ராத்திரி அவன்தான் வந்து என்னை எழுப்பினான். "அக்கா, அந்த நெனப்பு பெருசா வருது, எங்கயாவது போலாம்" என்றான். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

டாக்டர் என்னைத் தனியாகக் கேட்டது: மாத்திரை யாரிடம் இருக்கும், இந்த வாரம் நான் வீட்டில் இருப்பேனா, அவன் சொன்னதில் எதையாவது நான் வேறு மாதிரி பார்த்தேனா. மாத்திரையை என் பையில் பூட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பேன் என்றேன். புதன்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வியாழக்கிழமை அவனுக்கு ஒரு வேலைக்கான முடிவு வருகிறது, அதையும் யாரும் சொல்லவில்லை. நேற்று போனில் அவனும் சொல்லவில்லை.

---

வார்டுமணி | ஞாயிறு, மாலை 4:00

மனநல வார்டில் செவிலியர். வியாழக்கிழமை விஷயத்தை நாளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள்மா. இன்றைக்கே போன் செய்து சொன்னாலும் தப்பில்லை. "நோயாளி விஷயம், உங்களிடம் பேச முடியாது" என்று சொன்னால் மடங்கிப்போகாதீர்கள். உங்களுக்கு எதையும் சொல்லக் கூடாது என்று இருக்கலாம், நீங்கள் சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வார்டைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு, உள்ளே போட்டுவிட்டால் பத்திரம் என்று. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம், சிலருக்கு ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். அப்படியும் கண் தப்பும். டாக்டர் ரவுண்ட்ஸில் பத்து நிமிஷம் பார்ப்பார், மீதி நேரம் நாங்கள்தான். டிஸ்சார்ஜ் முடிவில் பாதி நாங்கள் ஷிப்ட் மாறும்போது சொல்கிற வார்த்தைகள்.

ஒன்று சொல்கிறேன். ஒரு பெரியவர், மூன்று வாரம் யாரோடும் பேசாதவர், ஒரு காலையில் எழுந்து போர்வையை மூலைக்கு மூலை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். புதுச் செருப்பைப் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கொடுத்துவிட்டார். டியூட்டியில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம், மருந்து வேலை செய்கிறது என்று. எங்கள் சீனியர் சிஸ்டர் மட்டும் செருப்பைப் பற்றிக் கேட்டார். அன்று மதியம் டாக்டர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசின பிறகுதான் தெரிந்தது, அவர் முடிவெடுத்துவிட்ட நிம்மதியில் இருந்தார். டிஸ்சார்ஜ் நின்றது. அந்தப் பையன் செருப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "சிஸ்டர், என் போன் சார்ஜர் எங்க?" என்று ஒருவர் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நாளைக்குப் போன் வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் இதையும் நம்பி உட்காராதீர்கள், பத்தில் ஒன்பது முறை அது வெறும் சார்ஜர்தான்.

---

பெயர்வேண்டாம் | ஞாயிறு, மாலை 5:20

என் மனைவி கடைசி வாரம் அலமாரியை அடுக்கினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காலையில் எழுதியதை நீக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி உண்டு, கோபமில்லாமல் கேட்கிறேன். ஒருமுறை தடுத்து என்ன பயன், எப்படியும் பிறகு நடந்துவிடும் என்று என் உறவினர்கள் ஆறுதலாகச் சொல்கிறார்கள். அது உண்மையா?

---

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 6:45

இல்லை. 1978-ல் ரிச்சர்ட் சீடன் என்பவர் வெளியிட்டது: ஒரே இடத்தில் 1937 முதல் 1971 வரை கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைத் தேடிப் பார்த்தார். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த அலை பெரும்பாலும் நிமிஷங்களில், மணிக்கணக்கில் அடங்குகிறது. பொருளை எட்டாத இடத்தில் வைப்பதற்கு நாங்கள் இவ்வளவு அடித்துக்கொள்வது அதனால்தான்.

அலமாரியைப் பற்றி நாங்கள்தான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். வீட்டிலிருப்பவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது எங்கள் வேலை.

ஜன்னலோரம், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த டாக்டர் எதைப் பார்த்தார் என்று ஓரளவு ஊகிக்கிறேன். போன மாதம் தூக்கமில்லை, பரபரப்பு, வாயை மூடிய நோயாளி, புது மாத்திரை. 24 வயது வரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையின் ஆரம்ப வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லிருந்தே எச்சரிக்கை போட்டிருக்கிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் மோசம். இந்த முறை எண்ணம் பெரியது, ஆனால் ஆளே எழுந்து வந்து உதவி கேட்கிறான், தாளில் அடித்துத் திருத்துகிறான், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். இவற்றைப் பார்த்து அனுப்பியிருப்பார். ஆனால் அவர் கையில் இல்லாத இரண்டு தகவல்கள் உங்களிடம் இருக்கின்றன. அவை தெரிந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும். நாளை முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். தூக்கத்தையும் சொல்லுங்கள்.

---

எண்கணக்கன் | ஞாயிறு, மாலை 7:30

சம்பந்தமில்லாத கேள்வி. மருந்து எதுவும் இந்த ஆபத்தையே குறைப்பதாக நிரூபணம் உண்டா, நோயைக் குறைப்பது தவிர?

---

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 7:50

ஸ்கிசோஃப்ரீனியாவில், அதாவது மனச்சிதைவு நோயில், குளோசபின் என்ற மருந்து. 980 பேரை இரண்டு வருஷம் இன்னொரு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வந்தது, தற்கொலை நடத்தை குறைந்தது. ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும் என்பதால் பலர் எழுதவே தயங்குகிறார்கள். இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் பற்றி விவாதம் ஓயவில்லை. வேறு இழை போடுங்கள், வருகிறேன்.

---

ஜன்னலோரம் | திங்கள், இரவு 9:15

போய்விட்டு வந்தோம். புதன், வியாழன் இரண்டையும் சொன்னேன். அவன் என்னை முறைத்தான், அப்புறம் "ஆமா டாக்டர்" என்றான். சனி ராத்திரியும் நேற்று ராத்திரியும் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பதை அங்கேதான் சொன்னான். எனக்கே தெரியாது, இரண்டு கதவும் திறந்துதான் இருந்தன.

டாக்டர் திட்டத்தை மாற்றினார். அவனிடமே கேட்டார்: "புதன்லேர்ந்து சனி வரைக்கும் இங்க இருக்கியா, இல்ல தினமும் வந்து போறியா? தினமும் வர்றதுன்னா வியாழக்கிழமை சாயங்காலம் கூட யார் இருப்பாங்க?" அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில் "இருக்கேன்" என்றான். அவனாகக் கையெழுத்துப் போட்டான். வியாழன் முடிவு வரும்போது போன் அவன் கையில் இருக்கும், பக்கத்தில் ஒரு சிஸ்டர் இருப்பார். சனிக்கிழமை டிஸ்சார்ஜ் என்றால் திங்கட்கிழமை வெளிநோயாளர் பிரிவு, நடுவில் ஞாயிறு ஒரு போன். இதையெல்லாம் தேதியோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை நான் ஹையா மீடியமா என்று கேட்கவில்லை.

இப்போதே பையை அடுக்குகிறான். சார்ஜரை அவனே எடுத்து வைத்தான். வார்டுமணி மேடம், நான் அதற்கு எந்த அர்த்தமும் வைக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

---

பெயர்வேண்டாம் | திங்கள், இரவு 9:40

வியாழக்கிழமை ராத்திரி இங்கே ஒரு வரி எழுதுங்கள். விழித்திருப்பேன்.

---

ஜன்னலோரம் | திங்கள், இரவு 9:42

எழுதுகிறேன் அண்ணா.